தையல் முகலாயரோடு வந்ததல்ல

சோழர் காலக் கதை ஒன்றின் காட்சியில் படைவீரர்கள் தைத்த சட்டை அணிந்திருப்பது பிழை என்றும், தையற்கலையே முகலாயரோடுதான் இங்கு வந்தது என்றும் அக்கதையை விமர்சித்து நீங்கள் எழுதியுள்ளீர்கள்; இது சரியன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, சோழர் துறைமுக நகரான புகாரின் மருவூர்ப்பாக்கம் என்னும் பகுதியில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது, "துன்ன காரரும் தோலின் துன்னரும்" என்று துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. சங்க நூலான முல்லைப்பாட்டிலோ, பாசறையைக் காக்கும் யவனர் (மேற்கு நாட்டிலிருந்து வந்த வீரர்) "மெய்ப்பை", அதாவது உடம்பை மூடும் சட்டை, அணிந்து நிற்கின்றனர். இவ்விரு நூல்களுக்கும் பல நூற்றாண்டுகள் பின்னரே, 1526இல்தான், முகலாயப் பேரரசு தொடங்கியது.

சோழர் சிற்பங்களில் பெரும்பாலோர் தைக்காத ஆடையுடனேயே காணப்படுகின்றனர் என்பது உண்மை; ஆகவே எல்லோருக்கும் சட்டை மாட்டிவிட்டால் அதைக் குறை சொல்லலாம். ஆனால் வழக்கத்தில் குறைவு என்பதும், அறவே இல்லை என்பதும் வேறு வேறு. அதே காட்சியில் சமையற்கட்டில் தொங்கும் மிளகாய்ச் சரத்தை நீங்கள் சுட்டியிருந்தால் முழுமனதோடு ஏற்றிருப்பேன். அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகே இங்கு வந்தது.