ஆட ஆடத் தெரிந்துவிடாது

"சும்மா உட்காருடா, ஆட ஆடத் தெரிஞ்சிடும்."

சீட்டாட்டம் தெரியாதவன் காதில் விழும் முதல் வார்த்தை இதுதான். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆட ஆடத் தெரியாது. சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மனசில்லாதவர்கள் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காலம் காலமாகத் தப்பித்து வருகிறார்கள்.

போன வாரம் உறவினர் வீட்டில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ரம்மி போட்டோம். இரண்டு கட்டைச் சேர்த்துக் கலைத்து ஆளுக்கு 13 சீட்டு. எனக்கு ரம்மி தெரியாது என்று முதலிலேயே சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். "ஒண்ணுமே இல்லப்பா. ஒரு சீட்டு எடுக்கணும், ஒரு சீட்டு போடணும், அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா. எதைச் சேர்ப்பதற்காக எடுக்க வேண்டும்? எது வேண்டாம் என்று போட வேண்டும்? ஆட்டம் எப்போது முடியும்? ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

பக்கத்தில் இருந்த தம்பியைச் சுரண்டிச் சுரண்டிக் கேட்டேன். ஆட்டின், கிளாவர், டைமண்ட், ஸ்பேடு என்று சீட்டில் நாலு இனம்; ஒரே இனத்தில் வரிசையாக மூன்று சேர்ந்தால் ரம்மி. ஒரே எண் வெவ்வேறு இனத்தில் சேர்ந்தால் செட். ஜோக்கர் எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் நிற்கும். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. கிடைத்ததை வைத்துப் பொறுமையாகச் சேர்த்தேன். ஆட்டினில் 4, 5, கூட ஒரு ஜோக்கர். கிளாவரில் 9, 10, கூட இன்னொரு ஜோக்கர். மூன்று ராணி. நாலு இனத்திலும் 2. மிச்சமிருந்த சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் விரித்தேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

"ஒரிஜினல் எங்கே?"

ஒரிஜினலா? அப்படி ஒன்று இருப்பதையே அப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்றாவது கையில் இருந்தே ஆக வேண்டுமாம். அது இல்லாமல் விரித்தால் 80 புள்ளி தலையில் விழும். ரம்மிக்கு உயிரே அந்த விதிதான் என்று இப்போது எனக்குத் தெரியும். முதல் சீட்டு போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய அந்த ஒரே விஷயத்தை, காகிதத்தில் என் பேருக்கு நேராக 80 என்று எழுதிய பிறகு சொன்னார்கள். "இப்பத் தெரிஞ்சுதுல்ல, இனிமே மறக்கவே மாட்ட" என்று முதுகில் ஒரு தட்டு வேறு. இதற்குப் பேர் சொல்லிக்கொடுப்பதா? குழி தோண்டி மூடி வைத்துவிட்டு, விழுந்தவனிடம் "அங்கே குழி இருக்கு" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதே ஆட்டத்தில் ஏஸ் பெரியதா சின்னதா என்று கேட்டேன். சின்னக் கேள்வி. 2, 3 உடன் சேரும்போது அது சின்னது, ராஜா ராணியோடு சேரும்போது பெரியது, ராஜா, ஏஸ், 2 என்று சுற்றிக்கொண்டு போக முடியாது. பொதுவாக ஆடும் முறை இதுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் என் கேள்விக்குப் பதிலாக ஒரு சண்டை கிடைத்தது. சுற்றலாம் என்று ஒருத்தர், கூடவே கூடாது என்று ஒருத்தர். பத்து நிமிடம் ஆட்டமே நின்றது. அப்போ இத்தனை வருஷமாக நீங்கள் என்ன விதியை வைத்து ஆடிக்கொண்டிருந்தீர்கள்? உங்களுக்கே முடிவாகாத விதிக்கு நான் எப்படி அபராதம் கட்டுவேன்? வீட்டு ஆட்டங்களுக்கு உலகம் முழுக்க ஒரே சட்டம் கிடையாது, வீட்டுக்கு வீடு மாறும், அது எனக்குப் புரிகிறது. மாறட்டும். சீட்டைப் பிரிப்பதற்கு முன்னால் "எங்க வீட்ல இப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

கையில் இருக்கும் சீட்டையெல்லாம் தீர்க்க வேண்டிய கழுதை ஆட்டத்திலும் இதே கதைதான். ஸ்பேடு ஏஸ் வைத்திருப்பவர் முதலில் இறக்க வேண்டும், மற்றவர்கள் அதே இனத்தைப் போட வேண்டும், இனம் இல்லாதவர் வேறு சீட்டைப் போட்டு வெட்டினால் பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால் முதல் சுற்றில் வெட்டு விழுந்தால்? சில இடங்களில் முதல் சுற்றுச் சீட்டு எப்படியிருந்தாலும் ஓரமாகப் போய்விடும், சில இடங்களில் அள்ளியே ஆக வேண்டும். எந்த வழக்கம் என்று யாரும் சொல்லவில்லை. நான் அள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் இந்த வார்த்தைகள். ஆடத் தெரிந்தவர்களுக்கு வார்த்தை பழகிப்போயிருக்கும், புதுசாக வந்தவனுக்கு அது காட்டுப் பாதை. "வெட்டு" என்றார்கள். கட்டை இரண்டாகப் பிரித்து வைப்பதும் வெட்டு, கழுதையில் வேறு இனம் போடுவதும் வெட்டு, மற்ற இனங்களை மிஞ்சும் துருப்புச் சீட்டைப் போட்டு எடுப்பதும் வெட்டு. "கை" என்றால் நான் பிடித்திருக்கும் சீட்டும் கை, ஒரு சுற்றில் விழுந்ததை ஜெயித்தால் அதுவும் கை. "உன் கை எப்படி?" என்று ஒருத்தர் கேட்கிறார், "எத்தனை கை எடுத்த?" என்று அடுத்தவர் கேட்கிறார். "ஜோக்கர்" என்றால் கோமாளிப் படம் போட்ட சீட்டும் ஜோக்கர், ரம்மியில் கட்டிலிருந்து உருவி வைக்கும் சீட்டின் எண்ணுள்ள எல்லாமும் ஜோக்கர். 7ஐ உருவினால் என் கையில் இருக்கும் 7 எல்லாம் ஜோக்கராகிவிடும். அது தெரியாமல் அருமையான இரண்டு 7ஐத் தூக்கிக் கீழே போட்டிருக்கிறேன். போட்டதும் அடுத்தவர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார். வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருத்தராவது "ஏம்ப்பா, அது ஜோக்கர்" என்று சொன்னாரா?

போதாததற்கு, ஜாக்கி, ஜோக்கர் இரண்டுக்கும் மூலையில் J என்றே தொடங்கும். பழைய ஆங்கிலச் சீட்டுகளில் ஜாக்கியின் பெயர் நேவ். சீட்டு மூலையில் எழுத்து அச்சிட ஆரம்பித்ததும், நேவின் சுருக்கமான Kn என்பதும் ராஜாவின் K என்பதும் ஒரே மாதிரி தெரிந்து ஆட்களைக் குழப்பின. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் ஜாக் என்ற பெயருக்கு மாறினார்கள். ஆடுபவன் குழம்புகிறான் என்பதற்காக ஒரு சீட்டின் பெயரையே மாற்றியிருக்கிறார்கள்! நம் ஆட்களால் "கோமாளி இருந்தா ஜோக்கர், பையன் படம் இருந்தா ஜாக்கி" என்று ஒரு வரி சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம், கையிலிருந்து பிடுங்கிப் போடுவது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருந்து ஒரு கை வரும். "அதைப் போடு, அதை!" என்று என் சீட்டை உருவிக் கீழே அடிப்பார்கள். ஏன் அதைப் போட வேண்டும் என்று கேட்டால் "நேரமாகுது" என்பார்கள். அந்த ஆட்டத்தை நான் ஜெயித்தேனா, அவர் ஜெயித்தாரா? எனக்கு அதில் என்ன தெரிந்தது? யோசிக்க விடாமல் செய்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் தடுமாறினால் "இவனுக்குத் தலையில ஏறாது" என்ற பட்டம். ஏற்ற முயற்சி செய்தீர்களா?

கலைப்பதிலும் கேலி. எனக்குச் சீட்டை வளைத்துப் பின்ன வராது, அதனால் தரையில் பரப்பிக் குழைத்துக் கலைத்தேன். சிரித்தார்கள். சிரித்தவர்கள் இரண்டே தடவை சரசரவென்று பின்னிவிட்டுச் சீட்டுப் போட்டார்கள். பின்னிக் கலைக்கும் முறையில் 52 சீட்டும் ஒழுங்காகக் கலைய ஏழு தடவை வேண்டும் என்று 1992இல் பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் தோற்றதில் இல்லை. நன்றாகத் தெரிந்து ஆடித் தோற்றால் சந்தோஷமாகத் தோற்பேன். இது சொல்லிக்கொடுக்க முடியாத விஷயம் இல்லை, அதுதான் கோபம். 1742இல் லண்டனில் விஸ்ட் என்ற சீட்டாட்டத்தைக் கற்பித்துவந்த ஒருவர் அந்த ஒரே ஆட்டத்துக்காக ஒரு கையேடு எழுதினார். கற்பிப்பதை ஒரு வேலையாக மதித்தார். நான் கேட்பது கையேடு இல்லை, ஐந்து நிமிடம்.

முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நானே செய்து பார்த்தேன். அக்கா மகனுக்கு ஏழு வயது. முதலில் கட்டைக் கொடுத்து 52 சீட்டையும் ஏஸிலிருந்து ராஜா வரை நாலு வரிசையாக அடுக்கச் சொன்னேன். அடுக்கி முடிப்பதற்குள் இனம் என்றால் என்ன, வரிசைக்கு 13 என்பது என்ன என்று அவனுக்கே பிடிபட்டுவிட்டது. அப்புறம் ஒரு ராணியை எடுத்து ஒளித்துவிட்டு, மிச்சம் 51ஐ வைத்து ஜோடி சேர்க்கும் ஆட்டம். ஜோடி கிடைக்காத ராணி கடைசியில் யாரிடம் நிற்கிறதோ அவர் தோற்றார். அதில் நாலு ஆட்டம் ஆனதும் கழுதைக்குப் போனோம். அக்கா, அவன், நான். வாயைத் திறந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம், "கையில இருக்கிற சீட்டெல்லாம் தீர்க்கணும், கடைசியா சீட்டு வெச்சிருக்கவங்கதான் கழுதை." எதற்காக ஆடுகிறோம் என்பது அவன் மனசில் உட்கார்ந்த பிறகுதான் மற்ற விதிகள். முதல் இரண்டு ஆட்டம் மூன்று பேர் சீட்டும் தரையில் முகம் தெரியத் திறந்து கிடந்தன. அவன் எதைப் போட்டாலும் "ஏன் அதைப் போடுற?" என்று மட்டும் கேட்டேன், கை நீட்டவில்லை. பெரிய சீட்டை எப்போது கழித்துக்கட்டுவது என்று இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டதும் தன் சீட்டையெல்லாம் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "மாமா, இனிமே நீங்க பார்க்கக் கூடாது."

ஏழு வயசுப் பையனுக்கு ஒரு சாயங்காலம் போதும். முப்பது வருஷம் ஆடியவர்களுக்கு அதை எனக்குச் செய்ய நேரமில்லை.

அதே வட்டம் இந்த வாரமும் கூப்பிட்டிருக்கிறது. போகிறேன். பெரியப்பாவிடம் இன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன்: முதல் ஆட்டம் எல்லாருடைய சீட்டும் திறந்து இருக்க வேண்டும், ஏஸ் சுற்றுமா சுற்றாதா என்பது கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் முடிவாக வேண்டும், என் கையில் இருக்கும் சீட்டை யாரும் தொடக் கூடாது. சம்மதம் இல்லையென்றால் எனக்குச் சீட்டுப் போட வேண்டாம்.