எஸ்எஸ்டியில் ஷ்ரெட் ஓட்டினால் கீ அழியாது

என்கிரிப்ட் செய்த டிஸ்க்கை இனி யாரும் படிக்க முடியாதபடி செய்ய, அதைத் திறக்கும் கீயை அழிப்பது ஒரு வழி. அதற்கு, “கீ ஃபைலை ஷ்ரெட் (ஃபைலை மேலெழுதி அழிக்கும் கட்டளை) போட்டு 35 தடவை மேலெழுதினால் போதும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது. அந்த 35, 1996இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்காகச் சொன்ன கணக்கு. எஸ்எஸ்டியில் மேலெழுதுவதாக நீங்கள் நினைக்கும்போது அதை இயக்கும் கன்ட்ரோலர் புதுத் தரவை சிப்பில் வேறொரு இடத்தில் எழுதிவிடும். பழைய கீ சிப்பிலேயே கிடக்கும். 35 தடவை ஓட்டினால் டிஸ்க் தேய்வதுதான் மிச்சம்.

லினக்ஸ் என்றால் கீயைத் தனி ஃபைலாக வைக்காதீர்கள், லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷன் முறை) பார்ட்டிஷனே போதும். உண்மையான கீ வழக்கமாக 64 பைட்தான். லக்ஸ் அதை 4000 துண்டாகப் பரப்பி, ஏறக்குறைய 250 கேபி அளவில் பார்ட்டிஷனின் தொடக்கத்தில் உள்ள ஹெட்டரில் வைக்கிறது. சிறு பகுதி அழிந்தாலே மொத்தக் கீயும் போச்சு. லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கருவியின் லக்ஸ்இரேஸ் கட்டளை எல்லாக் கீஸ்லாட்டையும் (ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் கீ பூட்டி வைத்திருக்கும் இடம்) நொடியில் துடைக்கும். பாஸ்வேர்ட் கேட்காது, டிவைஸ் பெயரை இருமுறை பாருங்கள்.

இதிலும் மேலே சொன்ன எஸ்எஸ்டி சிக்கல் உண்டு. நேரம் இருந்தால், டிரைவ் ஆதரிக்கும்பட்சத்தில், டிரைவ் முழுவதையும் அதுவே துடைக்கச் செய்யும் சானிடைஸ் கட்டளையும் கொடுங்கள்.

பலர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். பார்ட்டிஷன் திறந்திருக்கும்வரை கீ ரேமில் இருக்கும், லக்ஸ்இரேஸ் அதைத் தொடாது. அதனால் உடனே மெஷினை அணைக்க வேண்டும். சஸ்பெண்ட் செய்தால் போதாது. இன்னொன்று ஹெட்டர் பேக்கப். பென்டிரைவில் ஒரு பிரதி இருந்து, பழைய பாஸ்வேர்டும் ஒருவருக்குத் தெரிந்தால், டிஸ்க்கில் விட்டுவைத்த தரவு முழுக்கத் திறந்துகொள்ளும். பேக்கப் எடுத்த பிறகு பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலும் கதை அதேதான்.