பாதி மழை

நேற்று சாயங்காலம் தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் ஒரு தூறல். தெருப்புழுதி அடங்கியது, அவ்வளவுதான். அதற்குள் வாட்ஸ்ஆப் முழுக்க "மழை வந்தாச்சு" என்று கொண்டாட்டம். விதை போட்டிருந்த எவனும் அதில் சேரவில்லை.

எங்களுடையது மானாவாரி. ஊரெல்லாம் ஆடிப்பட்டம் என்று சொன்னாலும் எங்களுக்குப் பட்டம் புரட்டாசிதான், வடகிழக்குப் பருவமழையை நம்பி. கரிசல் நனைந்துவிட்டால் டிராக்டர் நாலைந்து நாளைக்கு உள்ளே இறங்க முடியாது. செருப்பையே பிடுங்கிக்கொள்ளும் மண் அது. அதனால் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் உளுந்து, பாசி, மக்காச்சோளத்தைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்போம்.

நல்ல மழை என்றால் எல்லாம் ஒன்றாக முளைக்கும். மழையே இல்லையென்றாலும் எறும்பும் எலியும் தின்றது போக விதை மண்ணுக்குள் கிடக்கும். கெடுப்பது இந்தப் பாதி மழைதான். இன்று காலை சாலில் விரலால் கிளறிப் பார்த்தேன். மேலே ஒரு விரற்கடை ஈரம், கீழே பொடிமண். உளுந்து ஊதி, தோல் கிழிந்து, வெள்ளையாக வேரை நீட்டியிருக்கிறது. நாலு நாள் வெயில் அடித்தால் அந்த முனை கருகிவிடும். பக்கத்துக் காட்டில் இன்னும் விதைக்கவில்லை. அங்கே கோடையில் விழுந்த வெடிப்பில் என் முழங்கை வரை இறங்குகிறது.

"போர் போடலாமே" என்று டவுனில் இருக்கும் நண்பர்கள் சொல்வார்கள். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். எங்கள் நிலத்தடியில் அது எங்கே இருக்கிறது? கிடைத்தாலும் பாதி ஊரில் உப்பு.

எனக்குக் கோபம் வருவது சராசரிக் கணக்கில்தான். 2016-ல் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். இரண்டையும் கூட்டி வகுத்தால் நாங்கள் சௌகரியமாகத்தான் இருக்கிறோம்! செடிக்கு வேண்டியது பத்து நாளைக்கு ஒரு நனைப்பு. மொத்த மழை எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

பயிர்க் காப்பீடும் இதே கதைதான். பெரும்பாலும் வட்டாரத்தின் சராசரி மகசூல் குறைந்தால்தான் இழப்பீடு. முதல் விதைப்பு கருகி, மறுபடி விதை, டிராக்டர் வாடகை, கூலி எல்லாம் கொடுத்து எப்படியோ விளைய வைத்தவனுக்கு மகசூல் வந்துவிட்டதே, அப்புறம் நஷ்டம் எங்கே என்பார்கள். மறுவிதைப்புச் செலவையும் இழப்பாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். கூடவே ஊருக்கு ஒரு மழைமானி. எங்கோ பெய்ததை எங்கள் காட்டு மழையாக எழுதுவது இனியாவது நிற்கட்டும்.

மறுவிதைப்புக்கென்று ஒரு மூட்டை உளுந்து வீட்டில் இருக்கிறது. அம்மா அவிழ்க்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம் என்கிறாள்.