கொட்டிவிட்ட கலவை

திருமங்கலத்தில் நான் வீடு கட்டியபோது வேலை பார்த்த கொத்தனாருக்கு வயது 64. உழைத்துக் களைத்த முதியவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே அவர்களை ஞானிகளாக்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அவரோ என்னிடம் தத்துவம் எதுவும் பேசியதில்லை. கலவை, ரசமட்டம், தூக்குக்குண்டு ஆகியவற்றைத் தாண்டி அவருடைய பேச்சு போனதே இல்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தவர், சட்டியில் மீந்து கிடந்த கலவையைக் கரணையால் குத்திப் பார்த்தார். பிறகு சித்தாளை அழைத்துக் குழியில் கொட்டச் சொன்னார். சிமெண்ட் விற்கும் விலையில் எனக்கு மனம் பொறுக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தால் ஆகாதா என்று கேட்டேன்.

“குழைச்சா குழையும் தம்பி, பிடிக்காது. பூசுன பெறகு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்ல. வேணும்னா கூலியில கழிச்சுக்கங்க.”

தண்ணீர் பட்ட சிமெண்ட் அரை மணி நேரம் கடந்தாலே இறுகத் தொடங்கிவிடக்கூடும் என்பதையும், இறுகத் தொடங்கியதை மறுபடி நீர்விட்டு இளக்கினால் அதன் பலம் குறையும் என்பதையும் நான் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அலுவலகத்தில் சென்ற ஆண்டு அறிக்கையின் தேதியை மட்டும் மாற்றி இந்த ஆண்டும் அனுப்பி வைப்பவன் நான். அது யாருக்கும் தெரியாது என்பதே என் துணிச்சலாக இருந்தது. அந்தச் சட்டியைப் பார்த்த பிறகு அந்த வேலையைச் செய்யக் கை கூசுகிறது.

மூலைமட்டம் பிசகாமலிருக்க 3 அடி, 4 அடி, 5 அடி என்று கயிறு பிடித்து அவர் ஆணி அடித்ததைப் ‘பழக்கதோஷம்’ என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அதே கணக்கைப் பிதாகரஸ் தேற்றம் என்று நாம் பள்ளியில் எழுதினால் அதற்குப் பெயர் கல்வி.

இவ்வளவு கற்றுக்கொண்ட நான் அவரைப் பற்றிக் கேட்டறிந்தது மிகக் குறைவு. வரைபட அனுமதி வாங்கியபோது கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கென 1 சதவீதம் கட்டியிருந்தேன். அந்தத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு என்பதும் தெரியும். செங்கலை எண்ணி இறக்கியவன், அவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டது கணக்கு முடித்த கடைசி நாளில்தான்.

“இருந்துச்சு தம்பி. புதுப்பிக்கப் போனா அன்னைக்குக் கூலி போயிருமேன்னு விட்டுட்டேன்” என்றபடி கரணையைக் கழுவிச் சாக்கில் சுற்றினார். மறுநாள் அவருக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது.