பின்படியில் தொங்கிக்கொண்டு போகும் தீயணைப்பு வீரர்கள்

கொழும்பில் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் குந்தியிருந்து கிளறினால், 1940களிலும் 50களிலும் அச்சான ஆங்கிலச் சிறுவர் படப் புத்தகங்கள் எப்போதாவது அகப்படும். தீயணைப்பு வண்டிப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் விடாதீர்கள். ஆனால் அதை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டுப் பிள்ளையைப் படுக்கப் போடாதீர்கள். அதில் பாதி இன்றைக்குப் பிழை. அந்தப் பிழைகளை வைத்துத்தான் அந்தப் புத்தகத்தை வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஏன் பழையது? இப்போது வருகிறவற்றில் வண்டிக்குக் கண் வைத்து, வாய் வைத்து, சிரிக்க வைத்துவிடுகிறார்கள். சிரிக்கிற வண்டியில் பம்ப் எங்கே என்று எவரும் வரைவதில்லை. பழைய ஓவியர்களிலும் முகம் வைத்தவர்கள் உண்டு. அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நல்ல பழைய புத்தகத்தில் வேலை வரிசையாக நடக்கும். மணி அடிக்கிறது, சப்பாத்தை மாட்டுகிறார்கள், வண்டி புறப்படுகிறது. ஒருவர் தெருவோரக் குழாய்த் தலையைப் பெரிய ஸ்பேனரால் திறக்கிறார். இன்னொருவர் ஹோஸின் பித்தளை இணைப்பைப் பூட்டுகிறார். ஒரு பக்கத்தில் நாடாபோலத் தட்டையாகக் கிடந்த ஹோஸ், அடுத்த பக்கத்தில் உருண்டு திரண்டு கிடக்கும். அதன் முனையை மூன்று பேர் பிடித்திருப்பார்கள். ஏன் மூன்று பேர் என்று கேளுங்கள். தண்ணீர் முன்னால் பாயும்போது முனை பின்னால் உதைக்கும். குளியலறை ஹோஸை நிலத்தில் போட்டு முழு வேகத்தில் திறந்துவிட்டால் அது பாம்புபோலத் துள்ளும்; நாலு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாங்கின கையோடு பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். 1985க்கு முன் அச்சான நிறப் படங்களின் மையில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் 2008இல் சிறுவர் பொருட்களுக்கு ஈய வரம்புச் சட்டம் வந்தபோது பழைய புத்தகங்கள் பிரச்சினையில் மாட்டியது இதனால்தான். பக்கத்தைப் புரட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை, வாயில் வைப்பதில்தான். எதையும் கடிக்கிற வயதென்றால் புத்தகம் உங்கள் மடியில், பிள்ளை பக்கத்தில். முடிந்ததும் இரண்டு பேரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்தது பூச்சியும் பூஞ்சணமும். கடற்காற்று அடிக்கிற வெள்ளவத்தை வீட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் கறை இன்னும் ஆழமாக இறங்கும். நிழலில், காற்றோட்டத்தில் நன்றாகக் காயவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். பூச்சி இருந்தால் காற்றை வெளியேற்றிப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, டீப் ஃபிரீசரில் ஒரு கிழமை வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறந்துவிடுவதுதான் எல்லாரும் விடுகிற பிழை. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படிந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க மூடியபடியே வெளியே கிடக்கட்டும். பூச்சி உருண்டை போடவே வேண்டாம். அது சின்னப்பிள்ளைக்கு நஞ்சு.

மெல்லிய புத்தகங்களில் நடுவிலுள்ள கம்பி துருப்பிடித்துத் தாளையே தின்றிருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். மடிப்பில் மூன்று ஓட்டை போதும். உள்ளே இருந்து நடு ஓட்டையால் வெளியே போய், மேல் ஓட்டையால் உள்ளே வந்து, உட்பக்கமாகவே கீழ் ஓட்டைக்குத் தாவி வெளியே போய், மறுபடி நடுவால் உள்ளே வந்து முடிச்சு. கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உரிந்து போகும், மஞ்சள் பசை மட்டும் தாளில் நிற்கும். மெல்லிய டிஷ்யூத் தாளும் மாப்பசையும் போதும்.

இனிக் கதைக்கு வருவோம். அமெரிக்கப் புத்தகங்களில் அட்டையிலேயே வீரர்கள் வண்டியின் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவார்கள். பார்க்க அழகு. வளைவில் தூக்கி எறியப்பட்டு எத்தனையோ பேர் செத்த பிறகு, 1987இல் அங்குள்ள தீப் பாதுகாப்பு நியமம் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும் என்று எழுதியது. பஸ் மிதிபலகையில் தொங்குகிறவர்களைத் தினமும் காலி வீதியில் பார்க்கிற பிள்ளைக்கு இந்தப் படத்தில் பேச நிறைய இருக்கிறது.

இன்னும் கவனமாகத் தாண்ட வேண்டியது வலைப் படம். மாடி ஜன்னலில் இருந்து ஒருவர் குதிக்க, கீழே வட்டமாக நின்று வலையை விரித்துப் பிடித்திருப்பார்கள். 1887இல் காப்புரிமை பெற்ற சாமான் அது. விழுகிறவரும் பிடிக்கிறவர்களும் காயப்பட்டதால், நீண்ட ஏணிகள் வந்த பிறகு கைவிட்டார்கள். எட்டாம் மாடியில் இருக்கிற பிள்ளைக்கு இந்தப் பக்கத்தைச் சும்மா காட்டிவிட்டுப் போகாதீர்கள். ‘இப்போது வலை இல்லை, பல்கனியால் குதிக்கவே கூடாது, படியால்தான் இறங்குவது, லிஃப்ட் வேண்டாம்’ என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் பழைய புத்தகங்களின் பெரிய குறை முகமூடி இல்லாததுதான். அவற்றில் வீரருக்கு மீசை தெரியும், சிரிப்புத் தெரியும், கையில் பூனைக்குட்டி இருக்கும். உண்மையில் புகைக்குள் வருகிறவருக்கு முகமே இல்லை. கறுப்பு முகமூடி, முதுகில் சிலிண்டர், புஸ் புஸ் என்று மூச்சுச் சத்தம். பயந்த பிள்ளை கட்டிலுக்குக் கீழேயும் அலுமாரிக்குள்ளேயும் போய் ஒளியும். தேடி வருகிறவரைக் கண்டால் இன்னும் உள்ளே போகும். அதனால் முகமூடி போட்ட வீரரின் படம் ஒன்றை அச்செடுத்து, மீசைக்காரர் வருகிற பக்கத்தில் ஒட்டாமல் செருகி வையுங்கள். ‘இவரும் அவரும் ஒரே ஆள்தான்’ என்று சொல்லுங்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வாயில் வைத்து அந்த மூச்சுச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள். பயம் சிரிப்பாக மாறும்வரை இரண்டு மூன்று நாள் எடுக்கலாம்.

நெருப்பு எப்படிப் பிடித்தது என்பதையும் பல புத்தகங்கள் சொல்வதில்லை. மணி அடிப்பதோடுதான் கதை தொடங்கும். ரஷ்யக் கவிஞர் மர்ஷாக் 1923இல் எழுதிய தீப்பாட்டு விதிவிலக்கு. தாய் கடைக்குப் போன நேரத்தில் சிறுமி அடுப்புக் கதவைத் திறக்க, தணல் வெளியே விழுகிறது. மற்றப் புத்தகங்களுக்கு அந்த முதல் பக்கத்தை நீங்கள்தான் போட வேண்டும். திரைச்சீலைக்குக் கீழே நுளம்புச் சுருள், சாமி விளக்குப் பக்கத்தில் தொங்கும் துணி, குசினியில் விட்டுவைத்த லைட்டர் என்று நம் வீட்டிலேயே போதியளவு இருக்கிறது.

மொழிபெயர்த்து வாசிக்கையில் ஒரு வசதி: ஆங்கிலத்தில் எல்லாரும் ஆண்கள். தமிழில் ‘வீரர் வந்தார், ஏறினார்’ என்றால் அது பெண்ணாகவும் இருக்கலாம். பிள்ளை கேட்டால் பெண்ணும்தான் என்று சொல்லிவிட்டுப் போங்கள். எரிகிற வீட்டுப் பக்கத்தை இரவில் திறக்க வேண்டாம்; பகலில் வாசியுங்கள். மூன்று வயதுக்குள் என்றால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாலே போதும்.

வாசித்து முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் பெட்ஷீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பிள்ளையின் இடுப்பளவு உயரத்தில் விரியுங்கள். அது புகை. தலை படாமல் அதற்குக் கீழே தவழ்ந்து வாசல்வரை போக வேண்டும். உடுப்பில் நெருப்புப் பற்றினால் ஓடக்கூடாது. நில், விழு, உருள், கை முகத்தில். பழைய புத்தகங்களில் இதைத் தேடாதீர்கள். பொம்மையை எடுக்கத் திரும்பி ஓடுகிற பிள்ளைதான் அநேகம். பொம்மையை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிட்டு ஒருமுறை செய்து பாருங்கள்.

பிறகு இலக்கம். பிரித்தானியப் புத்தகமென்றால் 999, அமெரிக்கப் புத்தகமென்றால் தெருவோரச் சிவப்பு அபாய மணிப் பெட்டி, யூடியூப் பார்க்கிற பிள்ளையின் வாயில் 911. இலங்கையில் நமக்கு 110. ஒரு தாள் துண்டில் பெரிதாக 110 என்று எழுதி, கீழே தொடர்மாடியின் பெயர், எத்தனையாம் மாடி, ஒழுங்கை இலக்கம், அதற்கும் கீழே ‘நெருப்பு, கின்னக், ஃபயர்’ என்று மூன்று மொழியிலும் எழுதுங்கள். புத்தகத்தில் தொலைபேசி வருகிற பக்கத்தில் அதை அடையாளத் தாளாக வையுங்கள். பூட்டிய ஃபோனிலிருந்து அவசர அழைப்புக்கு எங்கே அழுத்துவது என்றும் காட்டிவிடுங்கள், ஆனால் கடைசிப் பொத்தானை அழுத்த விடாதீர்கள்.