பென்டிரைவில் கியூஎமு கொண்டு திரிகிறேன்

போன மாரியில் நடந்தது. மல்லாவியில் எங்கள் முற்றத்து வேம்பில், ஷொப்பிங் பைக்குள் போனைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு, ஹொட்ஸ்பொட்டில் கியூஎமுவின் மூலநிரலை இறக்கினேன். கியூஎமு (QEMU) என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள். இரவு டேட்டாவுக்காகப் பன்னிரண்டு மணிவரை முழித்திருந்து அடித்த கிட் குளோன் (git clone), மூலநிரலை முழுதாகப் பிரதியெடுக்கும் கட்டளை. 87 வீதத்தில் கரண்ட் போனது, பின்னாலேயே சிக்னலும் போனது. திரும்பி வந்தால் பூச்சியத்திலிருந்து தொடங்கச் சொல்லுது. கிட் குளோனுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது.

அடுத்த இரவு மூலநிரலை ஒரே கோப்பாகச் சுற்றிய வெளியீட்டுப் பொதியை, வீகெட் என்ற இறக்கும் கட்டளையில் சின்ன சி போட்டு (wget -c) எடுத்தேன். நூறு எம்பியைத் தாண்டும், அறுந்தாலும் தொடரும். இன்னொரு வசதியும் இருக்கு. கிட்டில் எடுத்தால், கட்டுவதற்கு முன் ஓட்டும் கொன்ஃபிகர் (configure) என்ற ஆயத்த நிரல் ஓடும் நேரத்தில் துணைத் துண்டுகளைத் தேடித் திரும்பவும் இணையத்துக்குப் போகும். பொதியில் அவை உள்ளேயே வரும். எங்கட பக்கத்துக்கு அதுதான் தோது.

என்னட்டைப் படித்த பெடியன் ஒருவன், இப்ப கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் இருக்கிறான், கேட்டான்: "சேர், ஒரு வரி அடிச்சா இன்ஸ்டோல் ஆகிற சாமானுக்கு ஏன் இந்தப் பாடு?"

நியாயமான கேள்வி. பாவிக்க மட்டும் வேணுமென்றால் அந்த ஒரு வரி போதும், மூலநிரலிலிருந்து நாங்களே கட்டி எடுப்பது, அதாவது கம்பைல் பண்ணுவது, வீரம் இல்லை. ஆனால் நான் பார்த்த ஒரு கணினி வகுப்பில், பூட்டு உடைத்த மெய்நிகர் மென்பொருளைப் பிள்ளைகளுக்குக் கொப்பி பண்ணிக் கொடுத்தார்கள். அதோடு வைரசும் வீட்டுக்கு வந்தது. எனக்கு வந்த கோபம் கொப்பி பண்ணியதில் இல்லை. கொப்பி பண்ணச் சட்டப்படியே உரிமை தந்த சாமான் பக்கத்தில் கிடக்க, திருட்டுச் சாமானைக் களவாகக் கொடுத்ததில்தான். 2003இல் ஃபப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டது கியூஎமு. ஜிபிஎல் (GPL) என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருது. யாருக்கும் கொடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். கட்டிய நிரலைக் கொடுத்தால் மூலநிரலும் கேட்பவருக்குக் கிடைக்க வேணும், அவ்வளவுதான்.

கட்டுவதில் ஆட்கள் களைத்துப்போகும் இடம் ஒன்று. ஒன்றும் சொல்லாமல் கொன்ஃபிகர் ஓட்டினால் ஆர்ம், மிப்ஸ், ஸ்பார்க் என்று உலகத்திலுள்ள புரொசசர் எல்லாத்துக்கும் சேர்த்துக் கட்டும். நாலு ஜிபி ராமுள்ள பழைய லப்டொப் அதோடு படுத்துவிடும். டார்கெட் லிஸ்டில் சாதாரண பிசிக்குரிய எக்ஸ்86 64 சொஃப்ட்எம்எம்யூவை மட்டும் கொடுங்கோ (--target-list=x86_64-softmmu). கட்டும் கட்டளையான மேக்குக்கு ஜே2 (make -j2), அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலை, போதும். கட்டத் தேவையான கிளிப் (glib), நிஞ்சா (ninja), பதிப்பைப் பொறுத்துப் பிக்ஸ்மன் (pixman) இல்லையென்று கத்தும். கத்துவதைக் கடைசி வரிகளில் பாருங்கோ, அதிலேயே பேர் இருக்கும். கிளிப், பிக்ஸ்மன் என்றால் அந்தப் பேரின் டெவ் (dev) பொதியை, நிஞ்சா என்றால் நிஞ்சாப் பொதியையே போட்டுத் திரும்ப ஓட்ட வேண்டியதுதான்.

கட்டி முடித்தும் ஆமை மாதிரி ஊர்ந்தால் கேவிஎம் (KVM) வேலை செய்யவில்லை. மெய்நிகர் கணினியை நேரே புரொசசரில் ஓட்டி வேகமாக்கும் லினக்ஸ் வசதி அது. 2007இல் லினக்ஸ் 2.6.20 கேர்னலோடு வந்தது, புதிதாக ஒன்றும் இறக்கத் தேவையில்லை. ஆனால் செகண்ட்ஹாண்ட் லப்டொப்பில், அதற்குத் தேவையான வேர்ச்சுவலைசேஷனைப் பயோஸ் செட்டிங்கில் நிறுத்தி வைத்திருப்பார்கள். பெடியன்ர லப்டொப்பில் அதுதான் சிக்கல், இரண்டு நாள் நிரலைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கொன்ஃபிகரில் பொதிப் பதிப்புக்கு நாங்கள் விரும்பிய சொல்லைக் கொடுக்கலாம் என்று அவனுக்குச் சொன்னேன். விடியப்புறம் மூன்றரைக்கு ஸ்கிரீன்ஷொட் வந்தது. பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், மல்லாவி.

பொதியும் துணைப் பொதிகளும் இப்ப என் பென்டிரைவில் இருக்கு. துணுக்காய், மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் யாருக்கும் வேணுமென்றால் இன்பொக்ஸ் பண்ணுங்கோ. வெறும் பென்டிரைவ் கொண்டு வாங்கோ, டேட்டாவை வீணாக்காதேங்கோ.