மூன்றாவது முறையாகப் பாளைக்கு

2023 மே மாதம் பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தோம். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, நிதானமாகத்தான் விசாரித்தார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"பாளைதான் அண்ணாச்சி. மார்க்கெட்டுக்குப் பின்னாடி தெரு. படிச்சதெல்லாம் இங்கதான்."

"அது சரிம்மா. ஊர் எதுன்னு கேட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பார்வை என் கணவர் பக்கம் திரும்பியபிறகுதான் விளங்கியது. இவர் தயங்கித் தயங்கி, "தேனிப் பக்கம், சின்னமனூர்" என்றார். "அப்படிச் சொல்லுங்க" என்று நோட்டை எடுத்து, சொந்த ஊர் சின்னமனூர் என்று எழுதிக்கொண்டார்.

வீட்டைக் கொடுத்துவிட்டார். அட்வான்சிலும் கெடுபிடி இல்லை. இன்றைக்கு வரை நல்ல பழக்கம். ஆனாலும் அந்த நோட்டில் அவர் எழுதிய ஒரு வரி என் மனதை விட்டுப் போகவில்லை. பிறந்து இருபத்தோரு வருடம் இந்த ஊரில் வளர்ந்தவள் நான். ஊரை விட்டுப் போனேன், வந்தேன். மறுபடி போனேன், வந்தேன். இது மூன்றாவது முறை. கல்யாணம் ஆன ஒரு பெண்ணுக்கும் சொந்த ஊர் என்று ஒன்று உண்டு, அவள் அங்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பி வரலாம், அதற்கு வீட்டில் சாவோ சண்டையோ நடந்திருக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லத்தான் இன்றைக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

பெண் பிறந்த ஊருக்கு வருவதற்கு நம் பக்கத்தில் முறை வைத்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்ததும் மறுவீடு. அப்புறம் தலைதீபாவளி. ஆடிக்கு அழைப்பு. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வரலாம். பொங்கலுக்கு அவள் வரக்கூட வேண்டாம், பொங்கல்படிச் சீர் அவளைத் தேடிப் போய்விடும். இந்த நாட்களில் வந்தால் தெருவே வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு வெளியே ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டியோடு வந்து இறங்கிப் பாருங்கள். அதே தெரு முதலில் பெட்டியைத்தான் பார்க்கும். எத்தனை பெட்டி, எவ்வளவு பெரிய பெட்டி என்று.

திருநெல்வேலிச் சொதி எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும். அது மறுவீட்டுச் சாப்பாட்டுக் குழம்பு. 'மாப்பிள்ளைச் சொதி' என்றே சொல்வார்கள். அம்மா வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தேங்காய்ப்பாலை மூன்று தரமாகப் பிழிந்து தனித்தனிப் பாத்திரத்தில் மூடி வைப்பாள். மூன்றாம் பாலில் காய் வேகும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைமிளகாய். வேகவைத்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து கொதிக்கும். கட்டியான முதல் பாலை ஊற்றும்போது மட்டும் யாரும் பேசக்கூடாது. அடுப்பைச் சிம்மில் வைத்து, நுரை கட்டி ஓரம் லேசாக அசையும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். ஒரு கொதி கூடிவிட்டால் பால் திரிந்துவிடும். இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சை. தேங்காய்ப்பால் வயிற்றில் தங்கும் என்பதால் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் கட்டாயம். என் மறுவீட்டுக்கு அம்மா அதைத்தான் வைத்தாள். அன்றைக்கு இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது சித்தி ஒருத்தி என் முதுகைத் தடவிக்கொண்டே, "இனிமே நீ இந்த வீட்டுக்கு விருந்தாளி" என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள். என் தொண்டைக்குள் சோறு இறங்கவில்லை.

முதல் தடவை நான் திரும்பி வந்தது கல்யாணத்துக்கு முன்னால், 2005இல். மூன்று வருடம் சென்னையில், சைதாப்பேட்டை விடுதி ஒன்றில் தங்கி, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அந்த வேலை எனக்குச் சோறு போட்டது, கணக்கும் கற்றுக்கொடுத்தது. ஊருக்கு வந்ததும், "கல்யாணம் நிச்சயம் ஆயிட்டு போல" என்றார்கள். ஆகவில்லை. எனக்கு ஊர் வேண்டியிருந்தது, வந்தேன். அந்தப் பதிலை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது தடவை 2011. கல்யாணமாகித் திருப்பூரில் இருந்தோம். இவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. அந்த வருடம் ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது திருப்பூர்க்காரர்களுக்கு மறக்காது. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். நொய்யல் ஓடிய நிறத்தையும், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகள் பட்ட பாட்டையும் கண்ணால் பார்த்தவள். ஆனால் எங்கள் வீட்டில் சம்பளம் நின்றது. மகளுக்கு அப்போது மூன்று வயது. எங்கே போவது என்று பேசி, இவரேதான் சொன்னார்: "பாளைக்குப் போவோம். ஒனக்கு அங்க நாலு பேரத் தெரியும், கணக்கு எழுதிப் பொழச்சிக்கிடலாம்." நெல்லைத் தமிழை என்னிடமிருந்து கற்றுக்கொண்ட மனிதர் அவர்.

அம்மா வீட்டில் நாங்கள் தங்கவில்லை. சமாதானபுரத்தில் ஒரு மாடி வீடு பிடித்தோம். வாடகை எங்கள் பணம், அரிசி எங்கள் பணம். ஆனாலும் 'வீட்டோட மாப்பிள்ளை' என்ற பேச்சு வந்தது. என்னிடம், "மாமியாரோட ஒத்துப்போகலையாக்கும்" என்று கேட்டார்கள். என் மாமியார் அப்போது சின்னமனூரிலிருந்து மாதம் ஒருமுறை வாழைத்தார் கொடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வண்ணார்பேட்டையில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் இவர் நான்கு வருடம் வேலை பார்த்தார். ஒரு நாளும் அந்தப் பேச்சை என்னிடம் சொல்லிக் குறைப்பட்டதில்லை. வேறு ஒருவர் வழியாகத்தான் எனக்கே தெரிய வந்தது. ஒரு ஆண் தன் மனைவியின் ஊரில் குடியிருப்பது ஏன் இவ்வளவு பெரிய குற்றம்? ஊர் ஊராகப் பெண்கள் காலம் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்?

2015இல் நல்ல வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனோம். 2019இல் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா ஏற்கெனவே இல்லை. தாத்தா காலத்து வீட்டை விற்றோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டு வந்தது, கருணாநிதி முதல்வராக இருந்தபோது. மத்திய அரசு அதற்கு வர 2005 ஆகிவிட்டது. அந்த 2005 திருத்தத்தின்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் தம்பிக்கு இந்தச் சட்டம் எதுவும் தெரியாது. கேட்காமலே பாதியைக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது உறவுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பங்குதான் வாங்கியாச்சே. இனிமே சீர், செய்முறைன்னு இந்தப் பக்கம் எதிர்பாக்காத."

கணக்கை முடித்துவிட்டார். வீட்டில் பங்கு வாங்கினால் ஊரில் பங்கு கிடையாது என்பது அதன் அர்த்தம். அந்த நிமிஷம் நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஊருக்கு மறுபடியும் வரவேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

2023இல் வந்தபோது எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான்: "அம்மையும் இல்ல, வீடும் இல்ல. யாருக்காக வந்த?"

கேட்டவர்களுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நெல்லை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் வாஞ்சி மணியாச்சி தாண்டும்போது பெட்டி முழுக்க ஒரு அசைவு வரும். சீட்டுக்கு அடியிலிருந்து பைகளை இழுப்பார்கள். போர்வையை மடிப்பார்கள். யாரோ ஒருவர் போனில், "தாழையூத்து வந்துட்டுல்லா, வண்டிய எடு" என்பார். ராத்திரி முழுக்க ஒருவருக்கொருவர் பேசாமல் வந்தவர்கள் திடீரென்று ஒரே பேச்சில் பேச ஆரம்பிப்பார்கள். எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அந்த இருபது முப்பது நிமிஷத்தில் என் நாக்கு தானாகத் திரும்பிவிடும். கோயம்புத்தூரில் எட்டு வருடம் நான் 'வாங்க, போங்க' என்று அழகாகப் பேசினேன். மரியாதையான ஊர், நன்றி உண்டு. ஆனால் அது நான் யோசித்துப் பேசிய பேச்சு. பாளை மார்க்கெட்டில் காய்க்காரம்மா "எப்பம் வந்திய?" என்று கேட்டால், பதில் யோசிக்காமல் வருகிறது. யோசிக்காமல் பேச முடிகிற இடம் ஒன்று மனுஷருக்கு வேண்டும். நான் வந்தது அதற்காக.

தசரா ராத்திரியில் பாளையின் அம்மன்கள் சப்பரங்களில் ஒவ்வொருவராக வருவார்கள். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள், இன்றைக்கு அதே முனையில் நின்று பார்க்கிறேன். மார்க்கெட் பக்கம் காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகள் கைஜாடையில் பேசிக்கொண்டே போவார்கள், அந்தப் பேச்சில் நாலைந்து ஜாடை தெரிந்த கடைக்காரர்கள் உண்டு. சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டும்போது ஒரு நாளும் நான் தாமிரபரணி ஆற்றைப் பார்க்காமல் போனதில்லை. 1843இல் அவர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம். சின்ன வயதில் அந்தப் பெயரை வைத்து அவரைப் பெண் என்றே நினைத்திருந்தேன், அதில் எனக்கு ஒரு தனிப் பெருமை வேறு. இவை எல்லாம் என் அம்மா இறந்ததும் கூடவே போய்விடவில்லை. நான் வந்தது இவற்றுக்காகவும்தான்.

ஊர் மேல் பிரியம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். படித்த பிள்ளைகளுக்கு இங்கே வேலை குறைவு. ஆற்றில் சாக்கடை கலக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்கிற வரை இந்தத் தமிழ் மண்ணிலேயே ஓடுகிற ஆறு. இதைக் கெடுத்தது பக்கத்து மாநிலம் என்று யாரையும் கைகாட்ட முடியாது. அந்தக் கோபமும் ஊர்க்காரி என்ற உரிமையில் வருவதுதான்.

வந்த வருடமே டிசம்பரில் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் தெருவில் முழங்கால் வரை. மின்சாரம் போய், போனும் போய்விட்டது. சிக்னல் வந்ததும் முதலில் வந்த அழைப்பு கோயம்புத்தூரிலிருந்து: "இதுக்குத்தான் அங்க போனீங்களா?" அக்கறையில் கேட்டதுதான், எனக்குத் தெரியும்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் மற்ற சாமான்களையும் மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் பாறையில் செதுக்கியவர், அவர் தண்ணீருக்குள்ளேயே நிற்பார். வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரி, கழுவிவிட்டு, உற்சவரைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். அடுத்த வெள்ளத்துக்கு மறுபடியும் இதே வேலை. இத்தனை தடவை முங்குகிற இடத்துக்கு எதற்குத் திரும்ப வரவேண்டும் என்று இந்த ஊரில் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அது அவருடைய இடம், வருகிறார். அவ்வளவுதான். அந்தக் கோயில் படியில் உட்கார்ந்து எத்தனையோ சாயங்காலம் ஆற்றைப் பார்த்திருக்கிறேன். என் விஷயத்தில் எனக்கு மனம் தெளிந்தது அங்கேதான்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. ஊரெல்லாம் தண்ணீராக இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் குழாய் வறண்டு கிடந்தது. எதிர் வீட்டில் ஒரு ஆச்சி இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவர் என்னிடம் எந்த ஊர் என்றோ, எதற்கு வந்தாய் என்றோ கேட்டதே கிடையாது. வெள்ளம் வடிந்து நாலாவது நாள், இன்னும் இருட்டு விலகவில்லை, கதவைத் தட்டினார்.

"ஏளா, லாரி வருதாம். வாசல்ல கெடந்த ஒன் கொடத்தையும் எடுத்து வரிசையில போட்டிருக்கேன். சீக்கிரம் வா."

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் முப்பது நாற்பது குடங்கள் வரிசையாக நின்றன. என் பச்சைக் குடம் ஆச்சியின் இரண்டு குடங்களுக்கு நடுவில் இருந்தது.